கடைசி மூன்று நாளுக்கான உறை

குடும்பக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கடன் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: கணவருக்கு ஜவுளிக் கடையில் வேலை, சம்பளம் 17,000. எனக்குத் தையலில் மாதம் 8,000 வரும். வாடகை 5,000. தினத் தண்டலில் 10,000 வாங்கினோம், கைக்கு வந்தது 8,500. தினம் 100 கட்டுகிறோம், இன்னும் 60 நாள் பாக்கி. கிரெடிட் கார்டில் 60,000 நிற்கிறது, மினிமம் மட்டும் கட்டி வருகிறோம். குழு லோன் பாக்கி 28,000, மாதம் 2,600. அடகுக் கடையில் 2 பவுன் சங்கிலி 60,000-க்கு 2 வட்டியில் இருக்கிறது, ஏழு மாதமாக வட்டி கட்டவில்லை. அண்ணனிடம் கைமாற்று 40,000. மாதக் கடைசியில் எப்படியும் ஆயிரம், இரண்டாயிரம் யாரிடமாவது வாங்கிவிடுகிறோம். செலவைக் குறைத்துப் பார்த்தும் கடன் குறையவில்லை. எதை முதலில் அடைப்பது?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: எழுதியதையெல்லாம் கூட்டினால், அடகு வட்டி பாக்கி 8,400-ஐயும் சேர்த்து 2,02,400 வருகிறது. இந்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிதான். மாதக் கடைசியில் வாங்கும் அந்த ஆயிரம், இரண்டாயிரம். அது நிற்காதவரை மற்ற எந்தக் கடனை அடைத்தாலும் அந்த இடத்தில் புதுக் கடன் வந்து உட்காரும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

வருமானம் 25,000. வாடகை 5,000, தண்டல் 3,000, கார்டு 3,000, குழு 2,600 போனால் மிச்சம் 11,400. அதில் மின் கட்டணம், கேஸ், போன், பள்ளி வேன் போன்றவற்றுக்கு 2,400 ஒதுக்குங்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், கட்ட வேண்டாத மாதத்திலும் அதில் பாதியை எடுத்து வைக்க வேண்டும். மிச்சம் 9,000. மளிகை, காய்கறி, பால், பஸ், மருந்து எல்லாம் இதற்குள்தான்.

பெரும்பாலான வீடுகளில் இந்த 9,000-ஐ நான்கு வாரம் என்று மனக்கணக்குப் போட்டு, வாரம் 2,250 என்று செலவு செய்வார்கள். நான்கு வாரம் என்றால் 28 நாள்தான். 29, 30, 31 தேதிகளுக்குக் காசு இருக்காது. சம்பளம் 2-ம் தேதி வந்தால் நாலு நாள் இடைவெளி. உங்கள் மாதக் கடைசிக் கைமாற்று பிறப்பது இங்கேதான். சிக்கனம் போதாததால் அல்ல.

ஐந்து உறைகள் வாங்கி 1, 8, 15, 22, 29 என்று தேதி எழுதுங்கள். சம்பளம் வந்த அன்று முதலில் நிரப்ப வேண்டியது 29-ம் தேதி உறை. அதில் 1,000 வைத்து ஒட்டிவிடுங்கள். பிறகு மற்ற நான்கிலும் 2,000 வீதம். ஒரு வாரம் முந்திக் காலியாகிவிட்டால் அடுத்த உறையிலிருந்து எடுக்கலாம், 29-ஐ மட்டும் தொடக் கூடாது. முதல் மாதம் 22-ம் தேதி உறை இளைத்துத்தான் போகும். அப்போது சாப்பாட்டில் கை வைக்காமல் காய், பருப்பு, ரேஷன் அரிசியோடு அந்த வாரத்தை ஓட்டுங்கள். மூன்றாவது மாதத்தில் உறைக் கணக்கு பிடிபடும்.

பணமாக எடுத்து வைப்பது இந்தக் காலத்துக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். போனில் ஸ்கேன் செய்து 10, 20, 50 என்று கொடுக்கும்போது கையில் எதுவும் குறைவதாகத் தெரிவதில்லை. ஆறு மாதத்துக்காவது அன்றாடச் செலவைக் காசாகவே செய்யுங்கள். போனில் பணம் கட்டும் கணக்கில் வாடகையும் தவணைகளும் மட்டும் இருக்கட்டும்.

இனி ஒவ்வொரு கடனாக.

தண்டல்தான் வட்டியில் கொடியது. 8,500 வாங்கி நூறு நாளில் 10,000 கட்டுவது, பார்வைக்கு 1,500 ரூபாய் வட்டி போலத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய 10 வட்டி. இருந்தும் கூடுதலாகப் பணம் கிடைத்தால் இதை முன்கூட்டி அடைக்காதீர்கள். வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். முன்னதாகக் கட்டினால் அதில் ஒரு பகுதியைத் தள்ளித் தருவதாக வசூல்காரர் சொன்னால் ஒழிய உங்களுக்கு லாபம் இல்லை. தினம் 100 கட்டி 60 நாளில் முடித்துவிடுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியது இன்னொரு இடத்தில். எழுபதாவது நாள் வாக்கில் வசூல்காரர் வந்து, “ஒழுங்காகக் கட்டுகிறீர்கள், புதுசாகப் பத்து போட்டுத் தரட்டுமா?” என்பார். அன்றைக்குப் பாக்கி 3,000 இருக்கும். புதுக் கடனின் 8,500-ல் அதைக் கழித்து 5,500 கையில் கொடுப்பார். மறுபடி நூறு நாள், நூறு ரூபாய். ஏற்கெனவே வட்டி கட்டி முடித்த 3,000-க்கும் சேர்த்து இன்னொரு முறை வட்டி கொடுக்கிறீர்கள். 5,500 ரூபாய்க்காக 1,500 ரூபாய். வேண்டாம் என்று சொல்வதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது கார்டு. மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்தால் 60,000-க்கு 2,100. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 378. ஆக 2,478. நீங்கள் கட்டும் மினிமம் 5 சதவீதம், 3,000. அசலில் குறைவது 522 மட்டும். பாக்கி குறையக் குறைய மினிமமும் குறைவதால், இப்படியே போனால் பாக்கி பாதியாவதற்கே ஆறரை ஆண்டு ஆகும். பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக எதை வாங்கினாலும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே கார்டைப் பூட்டி வையுங்கள். போன் செயலிகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணையும் நீக்குங்கள், பெட்டியில் பூட்டினாலும் போன் வழியாக அது வேலை செய்யும். பிறகு வங்கியை அழைத்து, பாக்கி முழுவதையும் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 16 சதவீதம், 24 மாதம் என்று கிடைத்தால் தவணை 2,938. வட்டிமேல் ஜிஎஸ்டி சேர்ந்து முதல் மாதங்களில் 3,080 வரை வரும். இப்போது கட்டும் அதே பணம்தான், இரண்டே ஆண்டில் கடன் முடியும். செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முன்னதாக முடித்தால் என்ன கட்டணம் என்று கேட்டுக்கொண்டு சம்மதியுங்கள்.

சங்கிலி 2 வட்டியில் கிடக்க வேண்டியதில்லை. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் நூற்றுக்கு மாதம் 83 பைசா. வட்டி பாக்கியோடு 68,400-ஐ அங்கே மாற்றினால் மாத வட்டி 570, இப்போது ஏறுவது 1,200. சங்கிலியை மீட்க முதலில் கையில் ரொக்கம் வேண்டும் என்பதுதான் இடைஞ்சல். நம்பிக்கையான உறவினர் ஒருவரை ஒரு நாளைக்குப் பணத்தோடு அழைத்துக்கொண்டு, காலையில் அடகுக் கடை, அங்கிருந்து நேராக வங்கி என்று போய், அன்றே அவர் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ‘மீட்டுத் தருகிறோம்’ என்று வரும் இடைத்தரகர்களிடம் அடகுச் சீட்டைக் கொடுக்காதீர்கள். இனிமேல் நகை வைக்கும்படி ஆனால் ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனி சீட்டாக வையுங்கள். மொத்தமாக ஒரே சீட்டில் வைத்தால் ஒரு தோட்டை மீட்கவும் முழுப் பணம் வேண்டும்.

அந்த 570-க்கு எங்கே போவது? தினமும் மாலை டீ, தட்டுவடை செட் என்று வீட்டுக்கு 50 ரூபாய் போகிறதென்றால் மாதம் 1,500. முழுவதும் நிறுத்தச் சொல்ல மாட்டோம். பள்ளி முடிந்து வரும் பிள்ளைக்கும் வேலை முடிந்து வரும் கணவருக்கும் அது ஒரு சந்தோஷம். வாரம் மூன்று நாள் என்று வைத்தால் 800-க்கு மேல் மிஞ்சும், சங்கிலி வட்டி வந்துவிடும். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30-க்கும் பாமாயில் லிட்டர் 25-க்கும் கிடைப்பதை எந்த மாதமும் விடாதீர்கள். தெருக்கடை நோட்டுக் கணக்கை முடித்துவிட்டு, அரிசி, பருப்பு, புளி, மிளகாயை மட்டும் மாதம் ஒருமுறை செவ்வாய்பேட்டை லீ பஜாரில் ரொக்கத்துக்கு வாங்கலாம். எண்ணெயும் சர்க்கரையும் மொத்தமாக வேண்டாம். டப்பா நிறைய இருந்தால் கை தாராளமாகிவிடும், விலையில் மிச்சமானது அளவில் போய்விடும்.

குழு லோனுக்கு அவசரப்பட வேண்டாம். 24 சதவீத வட்டி என்றால் இதே தவணையில் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். அதற்குள் ‘டாப்-அப்’ (கூடுதல் கடன்) தருகிறோம் என்பார்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்குத் தரும் இவ்வகைக் கடனில், எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. அந்த விதி உங்களைக் காப்பதற்காகவே போட்டது. வருமானத்தைக் கூட்டிச் சொல்லிக் கடன் வாங்காதீர்கள். அண்ணனுக்கு வட்டி இல்லை என்றாலும் தண்டல் முடிந்த மாதத்திலிருந்து குறித்த தேதியில் 500 கொடுத்து வாருங்கள். தொகை சிறிதானாலும் தேதி தவறாமல் போனால் உறவு கெடாது.

தண்டல் முடிந்த மறுநாளும் அந்த 100 ரூபாயை அதே நேரத்தில் ஒரு டப்பாவில் போடுங்கள். மூன்று மாதமாகப் பழகிய கை இது, ஒரு வாரம் விட்டால் அந்தப் பணம் எங்கே போனது என்றே தெரியாது. மாதம் சேரும் 3,000-ல் அண்ணனுக்கு 500 போக 2,500-ஐ அப்படியே நகைக் கடனின் அசலில் கட்டுங்கள்.

கேள்வி: கொலுசுப் பட்டறையில் கூலி வேலை. எனக்கும் மனைவிக்கும் சேர்த்து நல்ல வாரத்தில் 8,000 வரும், மட்டமான வாரத்தில் 3,500. வீட்டுக்கு வாரம் 4,500 வேண்டும். பட்டறையில் முன்பணம் 50,000 வாங்கியிருக்கிறேன், வாரம் 500 பிடிக்கிறார்கள். நிலையான வருமானம் இல்லாதவன் பட்ஜெட் போடுவது எப்படி?
– வாசகர், சிவதாபுரம்

பதில்: சராசரி எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். சராசரி 5,750 என்று கணக்கிட்டால் அந்த அளவுக்குச் செலவு ஏறிவிடும், மூன்று மட்ட வாரம் தொடர்ந்து வந்தால் வட்டிக்காரரிடம் போக வேண்டியிருக்கும். வெள்ளி விலை ஏறும்போது ஆர்டர் குறைவது உங்கள் தொழிலில் தெரிந்ததுதானே. எந்த வாரம் எவ்வளவு வந்தாலும் வீட்டுக்கு 4,500 மட்டும். மேலே வருவது ‘மட்ட வாரப் பெட்டி’க்கு. மட்டமான வாரத்தில் குறைவது 1,000. அப்படிப் பத்து வாரத்தைத் தாங்க 10,000 வேண்டும். அந்தப் பத்தாயிரம் சேரும் வரை வேறு எந்தக் கடனையும் வேகமாக அடைக்க முயல வேண்டாம். கடனை முதலில் அடைத்துவிட்டு வெறுங்கையோடு மட்ட வாரத்தில் நுழைபவர்தான் மறுபடி கடன் வாங்குகிறார்.

சனிக்கிழமை கூலி வாங்கியதும் வீட்டுக்கு வருவதற்கு முன்பே செலவு தொடங்கிவிடும். கூலியை மனைவியும் நீங்களும் சேர்ந்து எண்ணிப் பிரித்த பிறகே மற்றது.

இரண்டாவது, பண்டிகை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு உறவினர் வருவார்கள் என்பதும், ஜூனில் பள்ளி திறக்கும் என்பதும் ஒரு வருடம் முன்பே தெரியும். உங்கள் வீட்டுக் கணக்கை நீங்கள் போடுங்கள், மாதிரிக்கு ஆடி 4,000, தீபாவளி 10,000, பொங்கல் 3,000, பள்ளி 9,000 என்று வைத்தால் 26,000. ஐம்பத்திரண்டு வாரத்துக்கு வகுத்தால் வாரம் 500. நல்ல வாரத்தில் 1,000 போடுங்கள், மட்ட வாரத்தில் விட்டுவிடுங்கள். பதிவு செய்யாத தீபாவளிச் சீட்டில் இதைப் போடாதீர்கள். வீட்டில் 1,000 சேர்ந்ததும் வங்கிச் சேமிப்புக் கணக்கில் கட்டினால் போதும். மாதாமாதம் ஒரே தொகை கட்ட முடியாதவருக்கு ஆர்.டி. (தொடர் வைப்பு) சரிவராது, தவறும் மாதத்துக்கு அபராதம் பிடிப்பார்கள்.

முன்பணத்துக்கு வட்டி இல்லைதான். ஆனால் வேறு பட்டறையில் கூலி கூடுதலாகக் கிடைத்தாலும் அது தீரும் வரை உங்களால் போக முடியாது. வாரம் 500 என்றால் நூறு வாரம். பெட்டியில் 10,000 நிறைந்ததும் நல்ல வாரங்களில் 1,500 பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் தேதி, பிடித்த தொகை, பாக்கி மூன்றையும் எழுதி வாராவாரம் முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து பாக்கி எவ்வளவு என்று வாய்ச்சொல்லில் பேசும்போதுதான் மனக்கசப்பு வரும்.

கேள்வி: ஏற்காட்டில் சொந்த டாக்ஸி ஓட்டுகிறேன். தவணை 11,000. ஏப்ரல், மே மாதங்களில் வண்டி நிற்காது. ஜூனிலிருந்து நாலு மாதம் தவணையில் பாதிதான் தேறும். சீசனில் வரும் பணம் கையில் நிற்பதும் இல்லை.
– வாசகர், ஏற்காடு

பதில்: பாதித் தவணை நாலு மாதத்துக்குக் குறைந்தால் 22,000. சீசனில் ஒரு சவாரிக்கு 200 எடுத்து வைத்தால் 110 சவாரியில் சேர்ந்துவிடும். இதற்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டும் வேண்டாம், போன் செயலியில் இணைப்பும் வேண்டாம். ஃபைனான்ஸ் நிறுவனத்திலேயே முன்கூட்டிக் கட்டிவிடலாமே என்று தோன்றும். எழுத்தில் கேட்காமல் அப்படிச் செய்யாதீர்கள். கூடுதலாகக் கட்டியதை அசலில் கழித்துவிட்டு அடுத்த மாதமும் வழக்கம்போலத் தவணை கேட்பார்கள். பணம் போய்விடும், ஜூலையில் தவணையும் நிற்கும்.

தவணைத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கணக்கில் பணம் இருக்கட்டும். ஒரு தவணை திரும்பினால் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம். ஒவ்வொன்றும் 500 என்றால் 1,000 ரூபாய் வீண்.

மலை வண்டிக்கு இன்னொன்று முக்கியம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டியில் பிரேக், கிளட்ச், டயர் எல்லாம் சமவெளி வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். இதைத் திடீர்ச் செலவு என்று எண்ணுவதால்தான் ஒவ்வொரு முறையும் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் என்று ஒதுக்குங்கள். மாதம் 2,000 கிலோமீட்டர் என்றால் 3,000. டீசல் போடும்போதெல்லாம் மீட்டரைப் பார்த்து, ஓடிய தூரத்துக்கு உண்டான பணத்தை அந்தத் தனிக் கணக்கில் போடுங்கள். இன்சூரன்சும் எஃப்.சி.யும் (வண்டித் தகுதிச் சான்று) தேதி தெரிந்த செலவு, பன்னிரண்டாக வகுத்து மாதாமாதம் வைக்க வேண்டியதுதான்.

கேள்வி: போன் ஆப்பில் கடன் வாங்கினேன். சொன்ன தொகையைவிட மிகக் குறைவாகத்தான் வந்தது. ஏழு நாளில் முழுத் தொகையும் கேட்டு, என் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் மெசேஜ் அனுப்புவதாக மிரட்டுகிறார்கள். இன்னொரு ஆப்பில் வாங்கி இதை அடைக்கலாமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: வேண்டாம் தம்பி. இன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த ஆப்புக்குத் தந்த தொடர்பு எண், படங்கள் அனுமதிகளை ரத்து செய்து பிறகு நீக்குங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். வெட்கத்தை வைத்துத்தான் இவர்கள் பணம் பறிக்கிறார்கள், வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் மிரட்ட எதுவும் இல்லை. முறையான நிறுவனம் என்றால், கடன் தருவதற்கு முன்பே ஆண்டு வட்டியும் எல்லாக் கட்டணமும் எழுதிய விவரத் தாளைத் தந்திருக்க வேண்டும். அது வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்த நிறுவனத்தின் மீது ரிசர்வ் வங்கியிடம் புகார் செய்யலாம், தகவலுக்கு எண் 14448.

கேள்வி: தனிநபர் கடன் 80,000 கட்ட முடியாமல் நின்றுவிட்டது. 45,000 கட்டினால் முடித்துவிடலாம் என்று வசூல் ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: முழுதாகக் கட்டவே வழியில்லை என்றால் மட்டும். இப்படி முடித்த கடன் சிபில் (கடன் வரலாறு) அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும், பிற்பாடு வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். முதலில் தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி கிளையில் எழுத்தில் கேளுங்கள். அது முடியாமல் செட்டில்மென்ட்தான் என்றால், தொகையும் கடைசித் தேதியும் குறித்த கடிதம் நிறுவனத்தின் தாளில் கைக்கு வந்த பிறகே பணம். அதையும் கடன் கணக்கிலேயே கட்டுங்கள். ஏஜென்டின் கையிலோ அவர் சொல்லும் போன் எண்ணிலோ ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. மீறினால் அழைப்பு வந்த நேரத்தைக் குறித்து வைத்துப் புகார் செய்யுங்கள்.

பணம் கட்டியதும் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையைப் பாருங்கள், ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். பாக்கி இன்னும் காட்டினால் திருத்தக் கோருங்கள். 30 நாளில் சரி செய்யாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.